யாருடைய மேலங்கி

கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது எங்கள் கேன்டீனின் நடுவில் ஒரு சுவர் முளைத்திருந்தது. ஜிப்சம் பலகையில் அவசரமாக எழுப்பிய தடுப்பு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். அதற்கு முன்பும் எங்களுக்குத் தனித்தனி மேசைகள்தான். ஆனாலும் ஒரே கூடம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், உப்பு வேண்டுமென்றால் கை நீட்டிக் கேட்கலாம். அந்த இலையுதிர்காலத்தில் நாடு முழுக்கப் பெண்கள் நடுத்தெருவில் முக்காட்டைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் இஸ்ஃபஹானில் காய்ந்து கிடந்த ஆற்றுப் படுகையில் தினமும் சாயங்காலம் கோஷம் கேட்டது. தெருவை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தில் பல்கலைக்கழகம் எங்கள் சாப்பாட்டுக்கு நடுவில் சுவர் வைத்தது.

பரஸ்தூ அந்தச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிவில் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு. முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சு.

"உள்ள ஒண்ணுமே இல்லடீ நஸ்தரன். வெறும் காத்து," என்றாள். "இது எந்தச் சுமையையும் தாங்கல. நாமதான் இதைத் தாங்கிக்கிட்டிருக்கோம்."

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். பரஸ்தூ எதையும் மெதுவாகச் சொல்ல மாட்டாள். குள்ளமான உருவம், பெரிய குரல். அப்பா இல்லை. அம்மா ஆஃபாக் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துக் கல்யாண உடுப்புகள் தைப்பவர். நான் அவரை காலா என்று கூப்பிடுவேன், எங்கள் ஊரில் சித்தியைக் கூப்பிடுவதுபோல. மாதத்தில் பாதி நாள் எனக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு அது வேலை நாள்தான், எல்லோரும் வெளியே முற்றத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்களில் பரஸ்தூவும் ஒருத்தி. என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிறவள். கோஷத்தில் என் வாய் அசையும், குரல் வராது.

அன்று காலை கான்கிரீட் லேபில் சிமெண்ட் கரைசல் என் மேலங்கியில் கொட்டிவிட்டது. முன்பக்கம் முழுக்க நாசம். பரஸ்தூ தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டாள். பாட்டில் பச்சை நிறம், மஞ்சள் உள்துணி, காலா தைத்தது. ஊரில் அப்படி இன்னொன்று கிடையாது.

"உனக்கு?" என்றேன்.

"எனக்கென்ன, லேப் கோட்டு இருக்கு. இன்னைக்குப் பூரா கத்தப் போறேன், குளிராது."

மதியம் முற்றத்தில் விரிப்புகளை வரிசையாகப் போட்டார்கள். இருநூறு பேராவது இருக்கும். ஆணும் பெண்ணும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து, திராட்சை போட்ட பருப்புச் சோற்றைக் காகிதத் தட்டுகளில் பகிர்ந்துகொண்டார்கள். வேறு எதுவும் இல்லை, ஒரு சாப்பாடு. எங்கள் நாட்டில் அது புரட்சி.

கரண்டி போதவில்லை என்று என்னை உள்ளே அனுப்பினார்கள். கேன்டீனுக்குள் இருபது முப்பது பெண்கள் வெளியே போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பையன் கதவைத் தட்டுவதுபோல் பலகையைத் தட்டினான்.

"வீட்ல யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெஞ்சின் மேல் ஏறி, பலகையின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மளுக்கென்று ஒரு சத்தம். வெள்ளைத் தூள் முகத்தில் கொட்டியது. பிறகு என் இருபுறமும் கைகள், அந்தப் பக்கத்திலிருந்தும் கைகள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பலகைகள் தரையில் கிடந்தன, அந்தப் பக்கம் வாயில் சோற்றோடு நின்ற பையன்கள் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பிறந்ததிலிருந்து நான் முதல் ஆளாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

சத்தம் கேட்டு முற்றத்திலிருந்து ஓடி வந்த பரஸ்தூ மூச்சு வாங்கக் கேட்டாள். "யாருடீ முதல்ல கை வச்சது?"

"நான்."

"போடீ. உனக்குக் கரண்டி எடுத்துட்டு வரவே அரை மணி நேரம் ஆகும்."

"சத்தியமா."

அவள் என் முகத்தில் இருந்த தூளைப் பார்த்தாள். பிறகு என் தலையை இழுத்து நெற்றியில் அழுத்தி முத்தமிட்டாள். "சிங்கக்குட்டி," என்றாள். "இத்தனை நாள் எங்கடீ ஒளிஞ்சிருந்த?"

*

பன்னிரண்டு நாள் கழித்து ஒழுங்குக் குழுவிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. காலை ஒன்பது மணி, நிர்வாகக் கட்டடம், இரண்டாவது மாடி. அப்பா கூட வந்தார். அவர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். அவரைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள்.

அறையில் தௌலத்யார் என்பவர் மட்டும் இருந்தார். மதகுருக்களின் தலைப்பாகை இல்லை, சாதாரண சாம்பல் நிறக் கோட்டு. எல்லோரும் அவரை மரியாதையாக ஹாஜ் ஆகா என்றுதான் அழைத்தார்கள். எனக்குத் தேநீர் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

"குடிம்மா. என் பொண்ணுக்கும் உன் வயசுதான்."

குடித்தேன்.

"வேற நாட்டுல பசங்க அரசாங்கத்தைத் திட்டுவாங்க, கல்லெறிவாங்க," என்றார் அவர். "அது மனுஷனுக்கும் மனுஷனுக்கும் உள்ள சண்டை. இன்னைக்குத் திட்டுவான், நாளைக்கு ஓட்டு போடுவான். இங்க அப்படி இல்ல. இது கடவுளோட ஆட்சி. இதோட சுவத்துல கை வச்சா, நீ யார் மேல கை வச்சேன்னு யோசிச்சுப் பாரு."

"ஹாஜ் ஆகா, அது கேன்டீன் தடுப்பு," என்று சொல்ல நினைத்தேன்.

மேசை மேல் இருந்த கணினியை என் பக்கம் திருப்பினார். கேன்டீன் வாசலுக்கு மேலிருந்த கேமரா. பெண்களின் முதுகுகள். யார் முகமும் தெரியவில்லை. ஒருத்தி பெஞ்சில் ஏறுகிறாள். படம் கறுப்பு வெள்ளை இல்லை. அந்தப் பச்சை நன்றாகத் தெரிந்தது. கை தூக்கும்போது மஞ்சள் உள்துணியும்.

என் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாரோ தைரியசாலியின் முதுகுபோல் இருந்தது.

"உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். இதுக்குப் பதில் சொல்லிட்டு ஒரு உறுதிமொழியில கையெழுத்து போட்டா ஒரு செமஸ்டர் நிறுத்தி வைப்போம், அவ்வளவுதான். உங்க அப்பா கீழ வெயில்ல நிக்கிறார். இந்த மேலங்கி யாரோடது?"

அவர் 'இது யார்' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஆயிரம் முறை யோசித்திருக்கிறேன். மேலங்கி யாருடையது என்றுதான் கேட்டார். பொய் சொல்லாமலேயே தப்பித்துக்கொள்ள ஒரு வழி திறந்தது. நான் அதற்குள் நுழைந்தேன்.

"பரஸ்தூவோடது," என்றேன்.

"முழுப் பேரு."

சொன்னேன். எழுதினார். என்னையும் எழுதச் சொன்னார். 'படத்தில் காணப்படும் பச்சை மேலங்கி என் வகுப்புத் தோழி பரஸ்தூவுக்குச் சொந்தமானது.' தேதி போட்டு, கையெழுத்து போட்டு, கட்டை விரல் ரேகையும் வைத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கீழே அப்பா வியர்த்துப்போய் நின்றார். "என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. உறுதிமொழி வாங்கினாங்க."

அவர் என் கட்டை விரலில் இருந்த மையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

நான்கு நாள் கழித்துப் பரஸ்தூவை அவள் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள்.

*

அவள் மறுத்துவிடுவாள் என்றுதான் நம்பினேன். முற்றத்தில் இருந்ததை இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். லேப் கோட்டு போட்டிருந்தேன், மேலங்கியை நஸ்தரனுக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒவ்வொரு நாளும் கதவு தட்டப்படும் என்று காத்திருந்தேன். ஒரு பையில் கம்பளிச் சட்டை, பல் துலக்கி, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

வந்தவர் ஆஃபாக் காலா. கையில் எப்போதும்போல் மூடிய பாத்திரம்.

"மேலங்கி தன்னோடதுதான்னு சொல்லிட்டாளாம்," என்றார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வக்கீல் சொஹ்ராபி சொன்னார். வேற எதுக்கும் வாயே திறக்கலையாம். அவ முற்றத்துலதானே இருந்தா, நஸ்தரன் கண்ணு? எனக்கு போன்ல அப்படித்தானே சொன்னா?"

"ஆமா காலா."

"அப்ப படத்துல எப்படி வந்தா?"

நான் வாயைத் திறந்தேன். உள்ளே சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"உள்ளயும் வெளியயும் ஓடிக்கிட்டு இருந்தா காலா. எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

அவர் தலையசைத்தார். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "இளைச்சுட்ட, சாப்பிடு," என்று பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அடைத்த திராட்சை இலை. மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தது. நான்காம் நாள் அம்மா எதுவும் கேட்காமல் எடுத்துக் கொட்டினாள்.

பரஸ்தூவுக்கு இரண்டு ஆண்டு சிறை. பல்கலைக்கழகத்திலிருந்து நிரந்தர நீக்கம். இடையில் பொதுமன்னிப்பு என்று ஒன்று வந்தது. 'வருந்துகிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் எழுதவில்லை. "வருத்தம் இல்லையே, எப்படி எழுதறது?" என்று கேட்டாளாம்.

எனக்கு ஒரு செமஸ்டர் போயிற்று. அடுத்த செமஸ்டரில் திரும்பிப் போனேன். சுவர் மறுபடியும் நின்றது, இந்த முறை செங்கல்லில். நான் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய் லேபில் சாப்பிட்டேன். விட்ட பாடங்களையும் சேர்த்து முடித்துப் பட்டம் வாங்கினேன். இத்தாலியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஆஃபாக் காலாவிடம் சொல்லிக்கொள்ளப் போகவில்லை.

*

பொலோனியா நகரில் என் அறைத் தோழி இலேனியா. அரசியல் படிப்பவள். வாரம் ஒரு போராட்டம் இல்லாவிட்டால் அவளுக்கு உடம்புக்கு ஆகாது. பாலஸ்தீனம், பருவநிலை, பேருந்துக் கட்டணம், விடுதி வாடகை, எல்லாவற்றுக்கும் துணியில் எழுதி மாடியிலிருந்து தொங்கவிடுவாள். முதல் சில மாதம் அவள் பின்னால் போக எனக்குக் கால் வரவில்லை. கூட்டம் என்றாலே கேமரா எங்கே என்று தேடுவேன்.

"எங்க போறீங்கன்னு போலீஸுக்கு முன்னாடியே எழுதிக் குடுப்பீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆமா. டிராஃபிக்க அவங்கதானே நிறுத்தணும்?"

அதைக் கேட்டு நான் வெகுநேரம் சிரித்தேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

வசந்தத்தில் விடுதி வாடகையை உயர்த்தினார்கள். மாணவர்கள் துணைவேந்தர் அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போனேன். என் வாடகையும் உயர்ந்திருந்தது, அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் தரையில் படுத்தோம். துணைவேந்தரே ஒருமுறை வந்து, கை கட்டி நின்று, பட்ஜெட் கணக்கு சொன்னார். இலேனியா அவர் முகத்துக்கு நேரே, "உங்க கார் பெட்ரோலக் குறைச்சாலே பத்து பேருக்கு ரூம் குடுக்கலாம்!" என்றாள். அவர் முகம் சிவந்து, தான் சைக்கிளில்தான் வருவதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்கூட. எங்கள் ஊரில் ஒரு மாணவி அதில் பாதி சொல்லியிருந்தால் கடவுளுக்கே கோபம் வந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள். மனிதனின் கோபம் தணியும் என்று காத்திருக்கலாம், கடவுளின் பெயரில் வரும் கோபத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மூன்றாம் நாள் காலை போலீஸ் வந்து எங்களை வெளியேற்றியது. அலுவலகக் கதவின் பூட்டு உடைந்திருந்ததால் நாற்பது பேரையும் வண்டியில் ஏற்றினார்கள். தள்ளுமுள்ளில் ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. வண்டிக்குள் இலேனியா, "இது பாசிசம்! போலீஸ் ராஜ்யம்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். நான் என் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவல் நிலையத்தில் ஒவ்வொருவராக அழைத்தார்கள். என் முறை வந்தது. மேசைக்கு அப்பால் ஒரு நடுத்தர வயது அதிகாரி. என் பக்கத்தில், நான் கேட்காமலேயே, ஒரு பெண் வக்கீல்.

"கதவை உடைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அதிகாரி. வக்கீல் குனிந்து, "உங்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"மொழி புரியலையா? இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?"

"புரிஞ்சுது. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். நான் பதில் சொல்ல விரும்பவில்லை என்றேன். அதிகாரி 'பதிலளிக்கவில்லை' என்று தட்டச்சு செய்து, கொட்டாவி விட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். யாருடைய அப்பாவும் வெயிலில் நிற்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாலும் நிற்கவில்லை. இலேனியா பதறிப்போனாள். பயந்துவிட்டேன் என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, அபராதம் மட்டும்தான் வரும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் படிக்கட்டில்தான் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மேலங்கி, தேநீர், ஒரே ஒரு கேள்வி, காலா கொண்டுவந்த பாத்திரம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப உண்மைய சொல்லலாமே," என்றாள். "இப்ப நீ இங்க இருக்க. உன்னை அவங்க தொட முடியாது. படத்துல இருக்கறது நான்தான்னு எழுதிக் குடு. அவளை விட்டுத்தானே ஆகணும்?"

எவ்வளவு எளிமையாக இருந்தது.

*

வக்கீல் சொஹ்ராபிக்குப் போன் செய்தேன். அவர் நேரடியாகப் பேசத் தயங்கினார். பிறகு சொன்னார். "வேண்டாம்மா. இங்க உண்மையை மேல தூக்கிப் போட்டா அது யார் தலையில விழும்னு சொல்ல முடியாது. இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"சும்மா இருக்க முடியலங்க."

"உங்களால முடியலைங்கறது எனக்குப் புரியுது," என்றார். "ஆனா உள்ள இருக்கறது அவங்க."

நான் அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அவர் அந்த ஊரில் இருபது ஆண்டு வழக்காடியவர். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அது பரஸ்தூவுக்காகவா எனக்காகவா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மாணவர் கூட்டத்தில் இலேனியா பேசினாள். நூற்றுக்கும் மேல் பேர். பரஸ்தூவுக்காகப் போராடலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதும். என் வாக்குமூலத்தை மூன்று மொழியில் வெளியிட்டார்கள், நீதிமன்றத்துக்கும் அனுப்பினார்கள். பரஸ்தூவின் முகத்தை ஒரு பெரிய துணியில் வரைந்து பல்கலைக்கழக வளைவுகளுக்கு மேல் தொங்கவிட்டார்கள். ஒரு செய்தித்தாள் படம் போட்டது. நகரசபை உறுப்பினர் ஒருவர் அதன் கீழே நின்று பேசினார். அந்த ஒரு வாரம் நான் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் அப்பாவை அழைத்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார். ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் நாங்கள் போனில் வானிலை மட்டும்தான் பேசுவோம்.

"இங்க நல்ல வெயில்," என்றார். குரல் கரகரத்தது.

"புழுதி அதிகமாப்பா?"

"இருந்துச்சு. இப்ப அடங்கிடுச்சு." இருமினார். "நீ எழுதினதைப் படிச்சேன். அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்மா. நான் மேல ஏறி வந்திருப்பேன்."

இரண்டு மாதம் கழித்து சொஹ்ராபியின் செய்தி வந்தது. தப்பியோடி வெளிநாட்டில் இருப்பவளின் வாக்குமூலம் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் துணியில் வரைந்த முகத்தின் புகைப்படத்தையும், நகரசபைக்காரர் கீழே நிற்கும் படத்தையும் வழக்கில் சேர்த்துக்கொண்டது. அந்நியச் சக்திகளோடு தொடர்பு. மேலும் எட்டு மாதம்.

இலேனியா செய்தியைக் கேட்டு நம்ப மறுத்தாள். "அவ ஜெயில்ல இருந்தா. அவ எப்படித் தொடர்பு வைக்க முடியும்? மேல்முறையீடு செய்யலாம். பத்திரிகையில எழுதலாம்." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவள் உலகத்தில் ஒரு அநியாயத்தை நாலு பேர் பார்க்கும்படி வெளிச்சத்தில் வைத்தால் செய்தவர்கள் கூசுவார்கள். அது பொய்யில்லை, அங்கே அப்படித்தான் நடக்கிறது. கோடையில் எங்கள் வாடகையைக் குறைத்தார்கள்.

"இலேனியா, போதும்," என்றேன். "இனி யாரும் எதுவும் செய்யாதீங்க."

துணியை இறக்கினார்கள்.

அந்த எட்டு மாதத்தில் மூன்றாவது மாதம் ஆஃபாக் காலா இறந்துபோனார். மாரடைப்பு. தையல் மெஷின் முன்னாலேயே சாய்ந்திருந்தாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுநாள்தான் கதவை உடைத்துப் பார்த்தார்கள். பழைய தண்டனையின்படி பரஸ்தூ அப்போது வீட்டில் இருந்திருக்க வேண்டும். அடக்கத்துக்கு அவளை அரை நாள்கூட விடவில்லை. அப்பா போனார். "நல்ல மழை," என்று அன்று இரவு போனில் சொன்னார். "நனைஞ்சுட்டேன்." பிறகு வைத்துவிட்டார்.

*

பரஸ்தூ வெளியே வந்து நாற்பது நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். தெரியாத எண். மதியம், நான் நூலகத்தில் இருந்தேன். குரலைக் கேட்டதும் புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"மூக்கை ரொம்பப் பெருசா வரைஞ்சுட்டாங்கடீ," என்றாள் எடுத்தவுடன். "விசாரணையில போட்டோவக் காட்டினாங்க. இது நான் இல்லன்னு சொன்னேன், நம்பல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் குரல் சின்னதாகியிருந்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அத்தை வீட்டில் என்றாள். டைல்ஸ் கடையில் கணக்கெழுதும் வேலை. படிப்பு முடிந்துபோன கதை, எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது.

"பரஸ்தூ, அந்தக் காகிதம்..."

"முதல் நாளே காட்டினாங்க. உன் கையெழுத்து, உன் ரேகை. உன் 'ஸ' எப்பவும் கோணலா இருக்குமே, அதே."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ள. மேலங்கி என்னோடது, சாப்பாட்டை ஏற்பாடு செஞ்சது நான், என்னை எப்படியும் விட மாட்டாங்க. ஒருத்தியாவது வெளிய இருக்கட்டும்னு கணக்குப் போட்டேன்." அவள் நிறுத்தினாள். "அந்தக் கணக்குல அம்மா இல்ல."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னை மன்னிச்சுடு," என்றேன். "எட்டு மாசமும் என்னாலதான். காலாவும்..."

"நஸ்தரன்." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ பயந்தது எனக்குப் புரியுது. நானும்தான் பயந்தேன். ஆனா வெளிய போய் உக்காந்துக்கிட்டு உன் மனசை இறக்கி வைக்கறதுக்கு என் முகத்தை எடுத்துத் தொங்கவிட்டியே, அதுக்கு என்னைக் கேட்டியா? வக்கீல் வேண்டாம்னுதானே சொன்னார்?"

"ஆமா."

"இப்ப மன்னிப்பும் நான்தான் குடுக்கணுமா? ஜெயிலுக்கும் நான் போகணும், அம்மாவையும் நான் பறிகுடுக்கணும், உன்னை மன்னிக்கற வேலையையும் நானே செய்யணுமா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உன்னை வெறுக்கல," என்றாள். "வெறுக்க முயற்சி செஞ்சு பார்த்தேன், வரல. அன்னைக்கு உன் மூஞ்சி பூராவும் வெள்ளைத் தூளு, அதுதான் ஞாபகம் வருது. ஆனா உன் குரலைக் கேட்டா அம்மா ஞாபகமும் வருது. ரெண்டையும் சேத்து வச்சுக்க எனக்குத் தெம்பு இல்ல. இந்த போன ஒட்டுக் கேக்கறாங்க, அது வேற. இனிமே கூப்பிடாத. எழுதாத. யார்கிட்டயும் சொல்லி அனுப்பாத."

"சரி."

"நல்லா படி," என்றாள். சொல்லிவிட்டு வைத்தாள்.

படித்தேன். பாலங்களில் விரிசல் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இப்போது வேலை. இலேனியா இன்னமும் வாரம் ஒருமுறை தெருவில் இறங்குகிறாள். சில சமயம் நானும் போகிறேன், மூன்றாவது வரிசையில். அவள் என்னைத் திட்டியதில்லை, பரஸ்தூ பெயரை எடுத்ததும் இல்லை. கடந்த ஆண்டு ஒரு கூட்டத்தில் வேறொரு நாட்டுச் சிறையில் இருக்கும் மாணவனுக்காகத் துணி எழுத ஆரம்பித்தார்கள். இலேனியா எழுந்து, "அவன் வீட்ல யாரையாவது கேட்டீங்களா?" என்றாள். யாரும் கேட்டிருக்கவில்லை. தூரிகையைக் கீழே வைத்தார்கள்.

பரஸ்தூ மறுபடி பேசவில்லை. அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. புத்தாண்டு அன்றும், காலா இறந்த நாளன்றும் எடுத்துப் பார்ப்பேன். விரல் அதன் மேல் போகும். விரலை எடுத்துவிடுவேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதையாவது செய்கிறேன்.